வாகன ஒலி அமைப்பில் சப்வூஃபருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர்

வாகன ஒலி அமைப்பில் சப்வூஃபருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயரைத் தேர்ந்தெடுப்பது என்பது, இரண்டின் மின்எதிர்ப்பும் மின்திறனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமாறு அமைப்பதாகும். சப்வூஃபர் என்பது சுமார் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை மட்டும் எழுப்பும் பெரிய ஒலிபெருக்கி. காரில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் 8, 10, 12 அல்லது 15 அங்குல விட்டம் கொண்டவை. ஆம்ப்ளிபயர் என்பது கார் ஸ்டீரியோவிலிருந்து வரும் சிறிய மின் குறிப்பலையை, ஒலிபெருக்கியை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் கருவி.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வாட் எண்ணைப் பார்த்து இவ்விரண்டையும் வாங்குவோர் பலர். அந்த எண் பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. கையேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களே தீர்மானிக்கின்றன. ஒன்று ஓம் அளவிலான மின்எதிர்ப்பு, மற்றொன்று ஆர்.எம்.எஸ். வாட் எனப்படும் தொடர் மின்திறன். இவை பொருந்தாவிட்டால் ஒலி கெடுவதோடு, ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் கருகலாம், ஆம்ப்ளிபயர் பழுதாகலாம். அத்துடன் மின்கம்பியும் தரமற்றதாக இருந்தால் வாகனமே தீப்பிடிக்கலாம்.

தனி ஆம்ப்ளிபயர் ஏன் தேவை?

கார் ஸ்டீரியோக்குள்ளேயே ஒரு சிறிய ஆம்ப்ளிபயர் உண்டு. அதன் பெட்டியில் "50 வாட் × 4" என்று எழுதியிருப்பதைக் காணலாம். இந்த 50 எங்கிருந்து வருகிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். இயந்திரம் ஓடும்போது கார் மின்சுற்றில் ஏறக்குறைய 14.4 வோல்ட் கிடைக்கிறது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். 14.4-இன் இருமடி 207. அதை 4 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 52 வாட்.

ஆனால் இது முழு மின்னழுத்தமும் இடைவிடாமல் ஒலிபெருக்கியின் மேல் விழுந்தால் மட்டுமே கிடைக்கும் அளவு. அதாவது, ஒலி முழுவதும் சிதைந்து சதுர அலையாக மாறிய நிலை. சிதைவில்லாத சைன் அலைக்கு இதில் பாதியே, சுமார் 26 வாட்தான் கோட்பாட்டளவில் கிடைக்கும். உள்ளிழப்புகள் போக நடைமுறையில் கிடைப்பது 20 வாட் அளவே. கதவிலுள்ள சிறு ஒலிபெருக்கிகளுக்கு இது போதும். காற்றைப் பெருமளவில் தள்ள வேண்டிய சப்வூஃபருக்குப் போதாது. தனி ஆம்ப்ளிபயருக்குள் 12 வோல்ட் மின்சாரத்தை அதைவிட உயர்ந்த மின்னழுத்தமாக மாற்றும் சுற்று இருப்பதால், அதனால் நூற்றுக்கணக்கான வாட் தர முடிகிறது.

முதல் எண்: மின்எதிர்ப்பு

நேர்மின்னோட்டத்தில் மின்தடை செய்யும் வேலையை, மாறுமின்னோட்டச் சுற்றில் மின்எதிர்ப்பு செய்கிறது. இரண்டுக்கும் அலகு ஓம். 1827-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிவியலாளர் கியோர்க் சைமன் ஓம் பெயரால் இவ்வலகு வழங்குகிறது. ஒலிபெருக்கியின் மின்எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். எனவே தயாரிப்பாளர்கள் 2 ஓம், 4 ஓம் என ஒரு பெயரளவு மதிப்பைக் குறிக்கின்றனர். 4 ஓம் சப்வூஃபரை மல்டிமீட்டரால் அளந்தால் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். மல்டிமீட்டர் அளப்பது சுருளின் நேர்மின்தடையை மட்டுமே என்பதால் இது குறைபாடன்று.

ஆம்ப்ளிபயரின் பார்வையில் மின்எதிர்ப்பு என்பது சுமை. ஓம் குறையக் குறையச் சுமை கூடும். ஓர் ஆம்ப்ளிபயர் 20 வோல்ட் தருவதாகக் கொள்வோம். 4 ஓம் சுமையில் 5 ஆம்பியர் மின்னோட்டமும் 100 வாட் திறனும் கிடைக்கும். அதே 20 வோல்ட் 2 ஓம் சுமையில் 10 ஆம்பியர், 200 வாட். 1 ஓம் சுமையில் 20 ஆம்பியர், 400 வாட். கணக்கில் இப்படிக் கூடிக்கொண்டே போனாலும், ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஓரளவு மின்னோட்டத்தையே தாங்கும். எனவே ஒவ்வோர் ஆம்ப்ளிபயருக்கும் அது தாங்கக்கூடிய மிகக்குறைந்த ஓம் அளவு கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. சப்வூஃபர்களின் மொத்த மின்எதிர்ப்பு, ஆம்ப்ளிபயரின் மிகக்குறைந்த ஓம் அளவுக்குக் கீழே போகக்கூடாது. மேலே இருந்தால் ஆபத்தில்லை, திறன் மட்டும் குறையும். கீழே போனால் ஆம்ப்ளிபயர் சூடேறித் தானாக நின்றுவிடும். பாதுகாப்புச் சுற்று சரியாக வேலை செய்யாவிட்டால் எரிந்தும் போகும்.

இரட்டைச் சுருளும் இணைப்பு முறையும்

பல சப்வூஃபர்களில் ஒரே கூம்பில் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். பின்புறம் இரண்டு முனைகளுக்குப் பதிலாக நான்கு முனைகள் காணப்பட்டால் அது இரட்டைச் சுருள் வகை. இதனால் ஒலித்தரம் கூடுவதில்லை. இணைப்பை மாற்றி மொத்த ஓம் அளவைத் தேவைக்கேற்ப அமைக்கும் வசதியே இதன் பயன்.

பள்ளியில் மின்தடைகளுக்குக் கற்ற விதிகளே இங்கும் பொருந்தும். தொடரிணைப்பில் ஓம்கள் கூடும். பக்க இணைப்பில் சம மதிப்புள்ள இரண்டு சுருள்கள் சேர்ந்தால் மொத்தம் பாதியாகும்.

• 4 ஓம் இரட்டைச் சுருள் ஒன்று: தொடரில் 8 ஓம், பக்கத்தில் 2 ஓம்.
• 2 ஓம் இரட்டைச் சுருள் ஒன்று: தொடரில் 4 ஓம், பக்கத்தில் 1 ஓம்.
• 4 ஓம் இரட்டைச் சுருள் இரண்டு: எல்லாச் சுருள்களும் பக்கத்தில் 1 ஓம். ஒவ்வொன்றின் சுருள்களும் தொடரிலும், சப்வூஃபர்கள் பக்கத்திலும் இருந்தால் 4 ஓம்.
• 2 ஓம் இரட்டைச் சுருள் இரண்டு: எல்லாம் பக்கத்தில் 0.5 ஓம். ஒவ்வொன்றின் சுருள்களும் தொடரிலும், சப்வூஃபர்கள் பக்கத்திலும் இருந்தால் 2 ஓம்.

ஒரே ஆம்ப்ளிபயரில் இரண்டு சப்வூஃபர்களைச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். வெவ்வேறு ஓம் அளவுள்ளவற்றைச் சேர்த்தால் திறன் சமமாகப் பிரியாது. இரட்டைச் சுருளில் ஒன்றை மட்டும் இணைத்து மற்றொன்றை விட்டுவிடுவதும் தவறு. குறிப்பிடப்பட்ட வாட் அளவு பொதுவாக இரண்டு சுருள்களுக்கும் சேர்த்தே தரப்படுகிறது. கூட்டல், கழித்தல் முனைகள் மாறிப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சுருள் மட்டும் தலைகீழாக இணைந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். ஒலி ஏறக்குறைய இல்லாமலே போகும், சுருள் மட்டும் சூடேறும்.

இரண்டு தட ஆம்ப்ளிபயரில் பிரிட்ஜ் முறை

இரண்டு தடங்களுள்ள ஆம்ப்ளிபயரை, இரு தடங்களையும் சேர்த்து ஒரே சப்வூஃபருக்கு இணைப்பது பிரிட்ஜ் முறை எனப்படும். இம்முறையில் ஒவ்வொரு தடமும் சுமையின் பாதியையே உணர்கிறது. 4 ஓம் சப்வூஃபர் ஒவ்வொரு தடத்துக்கும் 2 ஓமாகத் தெரியும். எனவே ஒரு தடத்துக்கு 2 ஓம் வரை தாங்கும் ஆம்ப்ளிபயர், பிரிட்ஜ் முறையில் 4 ஓம் வரை மட்டுமே தாங்கும். "2 ஓம் தாங்கும்" என்ற வரியை மட்டும் படித்துவிட்டு 2 ஓம் சப்வூஃபரைப் பிரிட்ஜ் முறையில் இணைப்பது அடிக்கடி நேரும் பிழை.

இரண்டாம் எண்: ஆர்.எம்.எஸ். மின்திறன்

ஆர்.எம்.எஸ். வாட் என்பது ஒரு கருவி தொடர்ந்து தரக்கூடிய அல்லது தாங்கக்கூடிய திறன். உச்சத்திறன் என்பது கண நேரம் மட்டும் எட்டக்கூடிய அளவு. பெட்டியில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் உச்சத்திறன். அதை எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரே சீரான முறை கிடையாது. இந்தக் குழப்பத்தைக் குறைக்க அமெரிக்காவில் 2003-இல் சி.இ.ஏ.-2006 என்ற தரநிலை வெளியிடப்பட்டது. இன்று அது சி.டி.ஏ.-2006 என வழங்குகிறது. இதன்படி ஆம்ப்ளிபயரின் திறனை 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவு 1 விழுக்காட்டைத் தாண்டாத நிலையில் அளக்க வேண்டும். இத்தரநிலை குறிப்பிடப்பட்ட ஆம்ப்ளிபயர்களின் எண்களை ஒன்றோடொன்று நம்பி ஒப்பிடலாம்.

இரண்டாம் விதி இது. பொருத்தப்படும் ஓம் அளவில் ஆம்ப்ளிபயர் தரும் ஆர்.எம்.எஸ். திறன், சப்வூஃபர் தாங்கும் ஆர்.எம்.எஸ். திறனுக்குச் சமமாகவோ அருகிலோ இருக்க வேண்டும். 75 முதல் 150 விழுக்காடு வரை இருக்கலாம் என்பது நடைமுறையில் வழங்கும் வரம்பு. கருவியைக் கவனமாகச் சரிசெய்வோருக்கே மேல் எல்லை பொருந்தும். "பொருத்தப்படும் ஓம் அளவில்" என்ற சொற்கள் முக்கியமானவை. "500 வாட்" என்ற ஆம்ப்ளிபயர் 1 ஓமில் மட்டும் அந்த 500-ஐத் தருவதாக இருக்கலாம்.

குறைந்த திறன் சப்வூஃபரை எரிக்குமா?

"ஆம்ப்ளிபயரின் திறன் குறைவாக இருந்தால் சப்வூஃபர் எரிந்துவிடும்" என்ற கருத்து பரவலாக உள்ளது. இது பாதியே உண்மை. குறைந்த திறன் தன்னளவில் எதையும் எரிப்பதில்லை. ஒலி அளவைக் குறைத்து வைத்துப் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் சப்வூஃபருக்குக் குறைந்த திறனே செல்கிறது.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. சிறிய ஆம்ப்ளிபயரின் ஒலி போதவில்லை என்று அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது, அலையின் மேல்முகடும் கீழ்முகடும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். முற்றிலும் வெட்டுப்பட்ட அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைப் போல இரண்டு மடங்கு வரை திறனைச் செலுத்தும். 200 வாட் ஆம்ப்ளிபயர் இந்நிலையில் 400 வாட் வரை தரக்கூடும். சப்வூஃபருக்குச் செல்லும் மின்சாரத்தின் பெரும்பகுதி சுருளில் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பம் தாங்கும் அளவைத் தாண்டினால் பசையும் காப்புப் பூச்சும் கருகிச் சுருள் அறுந்துவிடும். கருகும் வாடை வந்தால் உடனே ஒலியை நிறுத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

300 வாட் ஆர்.எம்.எஸ். தாங்கும், 4 ஓம் இரட்டைச் சுருள் கொண்ட 12 அங்குல சப்வூஃபர் ஒன்று உள்ளதாகக் கொள்வோம். ஆம்ப்ளிபயர் ஒற்றைத் தட வகை. அது 4 ஓமில் 150 வாட்டும் 2 ஓமில் 300 வாட்டும் தரும். 2 ஓமுக்குக் கீழே தாங்காது.

சுருள்களைப் பக்க இணைப்பில் இணைத்தால் 2 ஓம். ஆம்ப்ளிபயர் 300 வாட் தரும், சப்வூஃபரும் 300 வாட் தாங்கும். இது சரியான பொருத்தம். தொடரில் இணைத்தால் 8 ஓம். ஏறக்குறைய 75 வாட்டே கிடைக்கும். தீங்கில்லை, பயனும் குறைவு.

சில மாதங்கள் கழித்து உரிமையாளர் அதே போன்ற இன்னொரு சப்வூஃபரைச் சேர்க்க விரும்புகிறார். எல்லாவற்றையும் பக்கத்தில் இணைத்தால் 1 ஓம். ஆம்ப்ளிபயர் தாங்காது. 4 ஓம் வருமாறு இணைத்தால் மொத்தம் 150 வாட், ஒவ்வொன்றுக்கும் 75 வாட். ஆக, இந்த ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு இரண்டாவதை வாங்குவது சரியன்று. தொடக்கத்திலேயே இரண்டு சப்வூஃபர்கள் வேண்டும் என்று திட்டமிட்டிருந்தால், 150 வாட் தாங்கும் 2 ஓம் இரட்டைச் சுருள் வகையில் இரண்டை வாங்கி 2 ஓமாக இணைத்திருக்கலாம். ஆம்ப்ளிபயரின் 300 வாட்டும் இரண்டுக்கும் சமமாகப் பிரிந்திருக்கும்.

திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாகாது என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. இருமடங்குத் திறன் 3 டெசிபல் மட்டுமே கூட்டும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்குத் திறன் தேவை. எனவே 300 வாட்டுக்கும் 350 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

கெயின் திருகை அமைத்தல்

ஆம்ப்ளிபயரில் உள்ள கெயின் திருகு, ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்கானது அன்று. ஸ்டீரியோ தரும் குறிப்பலையின் அளவோடு ஆம்ப்ளிபயரை ஒத்துப்போகச் செய்வதே அதன் வேலை. அதை முழுவதும் திருகி வைத்தால் சரியான பொருத்தமும் கிளிப்பிங்கில் முடியும்.

மல்டிமீட்டர் இருந்தால் இதை ஓரளவு துல்லியமாக அமைக்கலாம். திறனை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் தேவையான மின்னழுத்தம் கிடைக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 300 × 2 = 600. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 24.5 வோல்ட். சப்வூஃபரின் இணைப்பைக் கழற்றி, பேஸ் பூஸ்ட் முதலியவற்றை அணைத்து, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்கில் வைக்க வேண்டும். பிறகு, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளக்க வேண்டும். கெயினைக் குறைந்த நிலையிலிருந்து மெல்லக் கூட்டி 24.5 வோல்ட்டில் நிறுத்தலாம். தாழ் அதிர்வெண் வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது நல்ல தொடக்கம்.

பெட்டியின் பங்கு

சப்வூஃபர் தாங்கும் திறன் அதன் பெட்டியையும் பொறுத்தது. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்று சுருள்வில் போல் கூம்பைக் கட்டுப்படுத்துகிறது. துளையுள்ள பெட்டி கூடுதல் ஒலி தரும். ஆனால் அது இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இராது. அங்கே குறைந்த வாட்டிலேயே கூம்பு எல்லை மீறி அசைந்து பழுதாகலாம். இதைத் தடுக்க ஆம்ப்ளிபயரில் சப்சோனிக் வடிகட்டி இருப்பது நல்லது. பெட்டியின் அளவைக் கணக்கிட இன்று பயன்படும் அளபுருக்கள், ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீலும் 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை.

மின்கம்பியும் உருகியும்

ஆம்ப்ளிபயர் தரும் ஒவ்வொரு வாட்டும் பேட்டரியிலிருந்தும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வர வேண்டும். டி வகை ஆம்ப்ளிபயரின் பயனுறுதிறன் 75 விழுக்காடு எனக் கொண்டால், 300 வாட் தர அது 400 வாட் எடுக்கும். 14 வோல்ட்டில் இது ஏறக்குறைய 28 ஆம்பியர். 50 விழுக்காடு பயனுறுதிறனுள்ள ஏ-பி வகையானால் 43 ஆம்பியர். வீட்டு மின்விளக்குக் கம்பியை இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

பேட்டரியிலிருந்து பின்புறம் வரை 5 மீட்டர் கம்பி தேவை எனக் கொள்வோம். 8.4 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள 8 கேஜ் செப்புக் கம்பியில் 28 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 0.3 வோல்ட். 2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 1.2 வோல்ட். இந்த இழப்பு, கம்பியிலேயே 34 வாட் வெப்பமாக வெளிப்படும். தரைவிரிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் சூடேறும் கம்பி தீவிபத்துக்கு வழிவகுக்கும். செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பிகளும் விற்பனையாகின்றன. அலுமினியத்தின் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால் அவற்றை இன்னும் தடிமனாக வாங்க வேண்டும்.

முதன்மை உருகியைப் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பொருத்த வேண்டும். கம்பியைக் காப்பதே இந்த உருகியின் முதல் வேலை. கம்பி எங்கேனும் உரசி வாகனத்தின் உடலைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைச் செலுத்தும். உருகி ஆம்ப்ளிபயரின் அருகில் மட்டும் இருந்தால், இடையிலுள்ள 5 மீட்டருக்குப் பாதுகாப்பே இல்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டுக்கு 40 ஆம்பியர் உருகி ஏற்றது. உருகி அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரியதையோ வெறுங்கம்பியையோ வைப்பது பெருந்தவறு.

எர்த் கம்பியும் அதே தடிமனில், இயன்றவரை குட்டையாக, வண்ணப்பூச்சு சுரண்டப்பட்ட உலோகத்தில் இறுக்கமாக முடுக்கப்பட வேண்டும். கம்பி உலோகத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடவேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

கேட்போரின் பாதுகாப்பு

மூடிய காருக்குள் சில நூறு வாட் திறனே செவிக்குத் தீங்கு செய்யும் ஒலியை எழுப்பப் போதுமானது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்பதே பணியிடங்களுக்கு அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. உள்காதின் உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஒலி மிகுதியால் ஆம்புலன்ஸின் ஒலியும் பின்வரும் வண்டியின் ஹாரனும் ஓட்டுநருக்குக் கேளாமல் போவதும் உண்டு.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

• சப்வூஃபரின் சுருள்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஓம்?
• கிடைக்கக்கூடிய மொத்த ஓம் அளவுகள் எவை?
• ஆம்ப்ளிபயர் தாங்கும் மிகக்குறைந்த ஓம் எவ்வளவு? பிரிட்ஜ் முறையில் எவ்வளவு?
• அந்த ஓம் அளவில் அது தரும் ஆர்.எம்.எஸ். வாட், சப்வூஃபரின் ஆர்.எம்.எஸ். வாட்டுக்கு அருகில் உள்ளதா?
• அத்திறனுக்கேற்ற கம்பி, உருகி, பேட்டரி, ஆல்டர்னேட்டர் வாகனத்தில் உள்ளனவா?
• பின்னர் இன்னொரு சப்வூஃபர் சேர்க்கும் எண்ணம் உண்டா?

இவ்வினாக்களுக்குக் கையேட்டில் விடை கிடைக்காத கருவியை வாங்காமல் விடுவது நலம்.